எட்டு அங்குலம்

அத்தியாயம் 14

காலை ஆறரை மணிக்கு சரோஜா தன் காலை அளந்தாள்.

கூடத்துச் சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்து, வலது காலை நேராக நீட்டிக்கொண்டாள். அது எப்போதுமே நேராகத்தான் இருக்கும். மடங்காது. வேலூர் ஆஸ்பத்திரியில் முட்டி எலும்புகளை ஒன்றாகச் சேர்த்து வைத்து அனுப்பிவிட்டார்கள். குதிகால் தொட்ட இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். அண்ணியின் தையல் மிஷின் மேலிருந்து எடுத்த டேப்பைச் சுவரில் வைத்து, கோடு வரைக்கும் இழுத்தாள்.

நாற்பத்தோரு அங்குலம்.

"விடிஞ்சதும் விடியாததுமா நடுக்கூடத்துல என்னா கோடு இது?" காபி டம்ளரோடு வந்து நின்றாள் அண்ணி எல்லம்மாள்.

"ஜீப்புல பின்னாடி எனக்கு எவ்வளவு எடம் வேணும்னு பார்க்கறேன் அண்ணி."

எல்லம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள். வைத்த வேகத்தில் பாதிக் காபி தரையில் சிந்தியது.

"ஜீப்பா? அந்தப் பேச்சே வேணாம் சரோஜா. உங்க அண்ணன் இப்பத்தான் ராத்திரியில நாலு மணி நேரமாவது தூங்கறாரு."

"நாளைக்கு நான் கீழ்பென்னாத்தூர்ல இருக்கணும் அண்ணி. வேற வழி இருந்தா சொல்லுங்க."

வழி இல்லை என்பது எல்லம்மாளுக்கும் தெரியும். ஏழு வருஷம் எம்ப்ளாய்மென்ட் ஆபீஸில் பதிந்து வைத்துக் காத்திருந்த பிறகு வந்த டீச்சர் வேலை. கீழ்பென்னாத்தூர் பள்ளிக்கூடத்தில் 12-7-79, வியாழக்கிழமை முற்பகலுக்குள் சேர வேண்டும். தவறினால் ஆர்டர் ரத்து. பஸ்ஸில் போய்ப் பார்க்கலாம் என்று போன வாரம் ஒத்திகை பார்த்தது எப்படி முடிந்தது என்பதும் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நடுவழியில் நீட்டிக்கொண்டிருந்த காலில் தடுக்கி ஒரு கீரைக்காரி விழ, கண்டக்டர் சத்தம் போட, அவசரமாக இறங்கிய சரோஜா படியிலேயே சறுக்கினாள். முழங்கையில் போட்ட பிளாஸ்திரி இன்னும் பிரிக்கவில்லை. கீழ்பென்னாத்தூரிலேயே ரூம் எடுக்கலாம் என்றால், தனியாக வருகிற பெண்ணுக்கு வீடு தர அங்கே ஆள் இல்லை.

"நாளைக்கு ஒரு நாளைக்கு வாடகைக் கார் வச்சுப் போயிட்டு வந்துடு. அப்புறம் பார்த்துக்கலாம்" என்று அப்பா ஆதிமூலம் சொல்லியிருந்தார்.

"ஒரு நாளைக்குப் போறதுக்கா நான் டீச்சர் டிரெயினிங் படிச்சேன்?" என்று சரோஜா கேட்டாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேர்க்கடலை மண்டிக்குப் போய்விட்டார்.

ஜீப் கொல்லையில் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றது. மிலிட்டரியில் ஓடிக் கழிந்து, மெட்ராஸ் ஏலத்தில் ஆதிமூலம் எடுத்து வந்த பழைய வண்டி. ஸ்டியரிங் இடது பக்கம். மேலே இரும்புக் கூரை கிடையாது, கான்வாஸ் படுதாதான். கொக்கிகளைக் கழற்றினால் வானம் தெரியும். ஒரு காலத்தில் திருவண்ணாமலை கடைத்தெருவில் அது போனால் "மண்டிக்காரர் ஜீப்" என்று வழி விடுவார்கள். போன வருஷம் தை மாசம் கீழ்பென்னாத்தூர் ரோட்டில் சின்னப் பாலத்துக்குப் பக்கத்தில் பள்ளத்தில் இறங்கியதிலிருந்து அது ஓடவில்லை. அன்றைக்கு ஓட்டியவன் அண்ணன் தருமன். பின் சீட்டில் இருந்தவள் சரோஜா.

விற்பதற்காக அப்பா எஞ்சினையும் டயரையும் சரி பண்ணி வைத்திருந்தார். செஞ்சியில் எண்ணெய் மில் வைத்திருக்கும் சின்னசாமி நாளைக் காலை எட்டு மணிக்கு வந்து எடுத்துப் போவதாகப் பேச்சு.

தருமன் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தான். கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்த தங்கையைப் பார்த்ததும் எழுந்தான்.

"அண்ணா, பின் சீட்டைக் கழட்டணும். ஸ்பேனர் எடு."

"எதுக்கு?"

"என் கால் நாப்பத்தோரு அங்குலம். நாளைக்கு நீ என்னை இதுல கூட்டிக்கிட்டுப் போறே."

தருமன் முகம் செத்துப்போனது. தவிட்டுக் கையை வேட்டியில் துடைத்தான். அப்புறம் மறுபடியும் துடைத்தான்.

"சீட்டு வேலை செஞ்சு தரேன் சரோஜா. எத்தனை நேரமானாலும் செஞ்சு தரேன். ஓட்டறதுக்கு மட்டும் வேற ஆளைப் பாரு."

"சரி. முதல்ல சீட்டு" என்றாள் அவள்.

முன் சீட்டில் உட்கார்ந்து போவதைப் பற்றி அவள் யோசிக்காமல் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஏறிப் பார்த்தாள். பாதம் எதிரே உள்ள தகரத்தில் முட்டியது. வண்டி ஒரு குழியில் இறங்கினால் அந்த இடி நேராக இடுப்புக்கு ஏறும். கால் எதிலேயும் முட்டக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். பின்னாலோ, சீட்டின் சாய்மானத்திலிருந்து முன் சீட்டின் இரும்புக் கம்பி வரை இருபத்தேழு அங்குலம்தான் இருந்தது.

"பதினாலு அங்குலத்துக்கு எங்க போறது?" என்றான் தருமன்.

"முன் சீட்டை எடுத்துட்டா?"

"எடுத்துட்டா ஓட்டறவனைத் தவிர உன்கூட வேற யாரும் வர முடியாது. வழியில ஏதாவது ஆனா உனக்கு ஒத்தாசைக்கு ஒரு ஆள் வேணாமா?"

"அப்ப எடுக்காமலே பார்ப்போம்."

சரோஜா சொல்லியனுப்ப, ஒன்பது மணிக்கு முருகையன் வந்தார். போளூர் ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். ஜீப்பில் எது உடைந்தாலும் இருபது வருஷமாக அவர்தான் ஒட்டுவார். கை டிரில்லையும் பையையும் சைக்கிளிலிருந்து இறக்கியவர், பின் சீட்டைப் பார்த்ததும் தயங்கினார்.

"இதையா பாப்பா?"

"இதைத்தான். பின்னாடி எவ்வளவு தள்ள முடியும்னு பாருங்க."

"பெரியவரு வரட்டும். கேட்டுக்கிட்டு செய்யலாம்."

"உட்காரப்போறது நான்" என்றாள் சரோஜா.

 முருகையன் குனிந்து போல்ட்டுகளைத் திருகத் தொடங்கினார். இரண்டு கழன்றன, இரண்டு துருப்பிடித்து முறிந்தன. புது போல்ட் வாங்கிவர தருமன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

சீட்டைத் தூக்கி வெளியே வைத்தார் முருகையன். அடியில் பதினெட்டு மாதத்துப் புழுதி. சரோஜா பின்பக்கப் படியில் உட்கார்ந்து, காலை வெளியே நீட்டிக்கொண்டு, ஈரத்துணியால் தரைத் தகரத்தைத் துடைத்தாள். சீட்டு இருந்த இடத்துக்குப் பின்னால், சரியாக நான்கு இடங்களில், பெயின்ட் நிறம் மாறி இருந்தது. நகத்தால் சுரண்டினாள். அடைப்புக்குப் பூசியிருந்த பட்டி உதிர்ந்தது. உள்ளே ஒரு துளை. அடுத்ததைச் சுரண்டினாள். அதுவும் துளை.

டேப்பை வைத்தாள். புதுத் துளைக்கும் பழைய துளைக்கும் நடுவே எட்டு அங்குலம்.

"அண்ணே, இந்தச் சீட்டு முன்னாடி இங்க இருந்துச்சா?"

முருகையன் ஸ்பேனரைத் தேடுகிற மாதிரி பையைக் கிளறினார். ஸ்பேனர் அவர் கையிலேயே இருந்தது.

"முருகையன் அண்ணே."

"நான்தான் பாப்பா தள்ளினேன்" என்றார் கடைசியில். "விபத்து நடந்ததுக்கு முந்தின மாசம். மல்லாட்டை சீசன், மண்டியில வேர்க்கடலை வந்து குவியுது. சீட்டுக்குப் பின்னால இன்னும் மூணு மூட்டை நிக்கணும், சீட்டை முன்னுக்குத் தள்ளுடான்னு பெரியவரு சொன்னாரு. காலு இடிக்குமேங்கன்னு சொன்னேன். பின்னால யாரு உட்காரப் போறா, புள்ளைங்கதானேன்னாரு. நான் கூலிக்காரன். செஞ்சுட்டேன்."

கொட்டகையில் மாடு தலையை ஆட்டிச் சங்கிலியை இழுக்கிற சத்தம் கேட்டது.

அந்த நாள் சரோஜாவுக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவில் இருந்தது. குறுக்கே வந்த எருமை. அண்ணன் ஒடித்த ஸ்டியரிங். வண்டி பள்ளத்தில் மூக்கைக் குத்தி நின்றபோது பின்னாலிருந்து மூட்டைகள் மலை மாதிரி வந்து அவள் முதுகில் மோதியது. முன் சீட்டுக் கம்பியில் நசுங்கியது முட்டி. அன்றைக்குக்கூட ஏறும்போதே கால் இடிக்குது என்று சொன்ன ஞாபகம். கொஞ்சம் ஒடுக்கிக்கோ என்று யாரோ சொன்ன ஞாபகம்.

தருமன் கண்மண் தெரியாமல் ஓட்டினான் என்றுதான் ஊர் முழுக்கப் பேச்சு. அதை முதலில் சொன்னவர் அப்பா. ஆஸ்பத்திரி வராந்தாவில், எல்லோர் எதிரிலும். தருமன் மறுக்கவில்லை. அன்றிலிருந்து அவன் ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

"எங்க அண்ணனுக்குத் தெரியுமா?"

"தருமன் தம்பி அப்ப ஒரு வாரம் விழுப்புரம் போயிருந்துச்சு. வந்து பார்த்தப்ப சீட்டு நெருக்கமா இருக்கேன்னு கேட்டுச்சு. புது சீட்டு, கொஞ்சம் தடிப்புன்னு பெரியவரு சொல்லிட்டாரு." முருகையன் தலையைக் குனிந்துகொண்டார். "ஆஸ்பத்திரிக்கு உன்னைப் பார்க்க வந்தேன் பாப்பா. சொல்லணும்னுதான் வந்தேன். வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன்."

சரோஜா துணியைப் பிழிந்தாள்.  மறுபடி பிழிந்தாள், தண்ணீர் வராத வரைக்கும்.

"பழைய துளையிலேயே மாட்டுங்க" என்றாள். "அது சரியான எடம். எட்டு போக இன்னும் ஆறு அங்குலம் வேணும். அதுக்கு வழி பாருங்க."

வழியை அவளே கண்டுபிடித்தாள். உட்கார்ந்தால் மடங்காத கால் தரைக்கு இணையாக நிற்காது, முன்னோக்கிக் கீழே சரியும். அப்படிச் சரிந்தால் குதிகால் போய் இறங்கும் இடம் முன் சீட்டின் அடி. இடது பக்கம், டிரைவர் சீட்டுக்கு அடியில் பெட்ரோல் டேங்க். வலது பக்க சீட்டுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி, அதில் ஜாக்கியும் பழைய கயிறும்தான். பெட்டியை எடுத்துவிட்டு, சீட்டை மூன்று அங்குலம் தூக்கினால் பாதம் உள்ளே போகும்.

"பாப்பா, நீ டீச்சராப் போறதுக்கு பதிலா என் பட்டறைக்கு வந்துடலாம்" என்றார் முருகையன். அரை மணி நேரத்தில் அவர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. முன் சீட்டின் இரும்புக் காலைக் கழற்றி சைக்கிளில் கட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனார். போல்ட் வாங்கிவந்த தருமனும் வெல்டிங்குக்கு ஒத்தாசையாகப் பின்னாலேயே போனான்.

ஆதிமூலம் ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு வந்தார். கை கழுவக் கொல்லைக்கு வந்தவர், குடல் எடுத்த மாதிரி கிடந்த ஜீப்பைப் பார்த்து அப்படியே நின்றார்.

"யார்றா இதைப் பிரிச்சது? டேய் தருமா!"

"அண்ணன் பட்டறைக்குப் போயிருக்குதுப்பா. நான்தான் பிரிக்கச் சொன்னேன்."

"நாளைக்குக் கொடுக்கற வண்டி! சின்னசாமிகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன். உனக்கு மூளை கீளை இருக்குதா?"

சரோஜா தடியை ஊன்றி எழுந்து வண்டியின் பின்பக்கம் போனாள்.

"இங்க வாங்கப்பா. இதைப் பாருங்க."

அவர் வந்து எட்டிப் பார்த்தார். தகரத்தில் நான்கு துளைகள். சுற்றிலும் உதிர்ந்த பட்டி.

அவர் கை தானாகத் தோள் துண்டைத் தேடியது. துண்டு அங்கேதான் இருந்தது. ஆனாலும் தேடியது.

"முருகையன் சொன்னானா?"

"சொல்லாம இருந்திருந்தாலும் டேப்பு சொல்லியிருக்கும்பா."

ஆதிமூலம் பின்படியில் உட்கார்ந்தார். மண்டியில் நாற்பது பேரை நடுங்க வைக்கும் மனுஷன். அந்தப் படியில் உட்கார்ந்தபோது ரொம்பச் சின்னதாகத் தெரிந்தார்.

"மூணு மூட்டை" என்றார். "மூணே மூணு மூட்டை. அதுக்காகத்தான் தள்ளச் சொன்னேன். வண்டியை வித்துட்டா இந்தத் துளையும் என் கண்ணுல படாமப் போயிடும்னு நெனச்சேன்."

"துளை போயிடும். என் கால் எங்கப்பா போகும்?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என் காலுக்காக நான் உங்களைக் கேக்கலை" என்றாள் சரோஜா. குரல் உயரவில்லை. கரும்பலகையில் கணக்கு எழுதுகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "நீங்க வேணும்னு செய்யலைன்னு எனக்குத் தெரியும். ஆனா அண்ணன் கண்மண் தெரியாம ஓட்டினான்னு ஆஸ்பத்திரியில அத்தனை பேர் எதிர்ல சொன்னீங்களே, அது வேணும்னுதானே சொன்னீங்க?"

"பயந்துட்டேன்மா."

"யாருக்கு?"

"உனக்குத்தான். கண்ணு முழிச்சதும் நீ என்னைக் கேப்பேன்னு பயந்தேன்."

ஒன்றரை வருஷமாக இந்த வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்தது எதனால் என்று சரோஜாவுக்கு இப்போது புரிந்தது.   அழுவதற்கு இன்றைக்கு நேரம் இல்லை.

"அண்ணன்கிட்ட நீங்க சொல்லணும்."

"அதைச் சொன்னா அவன் என்னை அப்புறம் அப்பான்னு கூப்பிடுவானா?"

"அவன் கண்ணாடியில தன் மூஞ்சியைப் பார்த்து ஒன்றரை வருஷம் ஆச்சுப்பா. எதிர்க்கடை நாவிதர்கிட்ட கண்ணை மூடிக்கிட்டு சவரம் பண்ணிக்கறான். உங்களுக்குத் தெரியுமா?"

ஆதிமூலம் எழுந்தார். வேட்டியை இறுக்கிக் கட்டினார். கொஞ்சம் கொஞ்சமாக மண்டிக்காரர் திரும்பி வந்தார்.

"வண்டி நாளைக்கு எட்டு மணிக்குப் போகுது. அதுல மாத்தமில்ல" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமலே போய்விட்டார்.

எல்லம்மாள் சமையலறை ஜன்னலருகே நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. ஒரு தட்டில் சோற்றைப் போட்டுக் கொண்டுவந்து சரோஜாவின் கையில் கொடுத்துவிட்டு, ஜீப்புக்குள் ஏறி, மீதிப் புழுதியைக் கூட்டத் தொடங்கினாள்.

மூன்றரை மணிக்கு சீட்டுகள் திரும்ப ஏறின. பின் சீட்டு பழைய துளைகளில் கச்சிதமாக உட்கார்ந்தது. முன் சீட்டின் கால்கள் மூன்று அங்குலம் உயர்ந்திருந்தன. சரோஜா தருமனின் தோளைப் பிடித்து ஏறி, உட்கார்ந்து, காலை முன்னால் விட்டாள்.

போகவில்லை. கட்டைவிரல் எதிலோ இடித்தது.

முருகையன் டார்ச் அடித்துப் பார்த்தார். முன் சீட்டின் இரண்டு கால்களையும் இணைக்கும் குறுக்குக் கம்பி. "இதை எடுத்தா சீட்டு ஆடும்" என்றார்.

"பின்பக்கம் இருக்கறதை முன்பக்கம் மாத்தி வச்சா?"

அவர் தலையைச் சொறிந்தார். "வைக்கலாம். இன்னொரு தடவை பட்டறைக்குப் போகணும்."

"போங்க. நான் இங்கேயேதான் இருப்பேன்."

இறங்க மாட்டேன் என்று வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சீட்டை மறுபடி கழற்றி எடுத்துப் போய், முருகையன் திரும்பி வரும்போது மணி ஐந்தை நெருங்கியிருந்தது. இந்தத் தடவை பாதம் முன் சீட்டுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போனது. குதிகால் தரையில் இறங்கியது. விரலுக்கும் கம்பிக்கும் நடுவே தருமன் கையை விட்டுப் பார்த்தான். இரண்டு விரல் அகலம் மிச்சம். குலுக்கலில் கால் தூக்கிப் போடாமல் இருக்க, குதிகாலுக்கு அடியில் தேங்காய்நார் மெத்தைத் துண்டும், மேலே பழைய சைக்கிள் டியூபில் ஒரு பட்டையும் வைத்தார்கள்.

"வலிக்குதா?" என்றான் தருமன்.

"இல்ல. ஸ்டார்ட் பண்ணு."

"முருகையன் அண்ணன் ஓட்டட்டும்."

"எனக்கு சைக்கிள்தான் வரும்" என்றார் முருகையன்.

தருமன் ஸ்டியரிங்கைப் பார்த்தான். எல்லம்மாளைப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தானோ என்னவோ. எல்லம்மாள் போய்க் கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை எடுத்துவிட்டு இரண்டு கதவையும் அகலத் திறந்து வைத்தாள்.

எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டுப் பிடித்தது. வாசல் தாண்டும்போதே நின்றுபோனது. தருமனின் முதுகில் சட்டை நனைந்து ஒட்டியிருந்ததைச் சரோஜா பார்த்தாள்.

"மறுபடி போடு" என்றாள்.

படுதாவைக் கழற்றியிருந்தார்கள். தெருவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பெரிய தெருவைத் தாண்டி, திண்டிவனம் ரோட்டுப் பக்கம் திரும்பி, ரயில்வே கேட்டில் தண்டவாளத்தின் மேல் வண்டி ஏறி இறங்கியபோது சரோஜா பல்லைக் கடித்துக்கொண்டாள். உடம்பு குலுங்கியது. கால் குலுங்கவில்லை. டியூப் பட்டை இழுத்துப் பிடித்தது. எதிலும் முட்டவில்லை.

"என்னா ஆச்சு?" என்று கத்தினான் தருமன்.

"ஒண்ணும் ஆகலை. ரோட்டைப் பாரு!"

ஊர் முடிந்து வயல்கள் வந்தன. மலை பின்னால் போய்க்கொண்டிருந்தது. சின்னப் பாலம் வரப்போகிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும். வேகம் குறைந்தது. இன்னும் குறைந்தது. மாட்டு வண்டி ஒன்று அவர்களைத் தாண்டிப் போனது.

பாலத்துக்குப் பத்தடி இருக்கும்போது தருமன் நிறுத்தினான்.

"என்னால ஆகலை சரோஜா."

அவள் அவசரப்படுத்தவில்லை. பள்ளத்தில் இப்போது எருக்கஞ்செடி முளைத்திருந்தது. அவ்வளவுதான். வேறு அடையாளம் எதுவும் இல்லை.

"அன்னைக்கு நான் முப்பதுக்கு மேல போகலை" என்றான் தருமன் திடீரென்று. திரும்பிப் பார்க்காமல் சொன்னான். "யார்கிட்டேயும் சொல்லலை. சொன்னா நம்ப மாட்டாங்க. மெதுவாத்தான் வந்தேன். அப்புறம் எப்படி உனக்கு மட்டும் அவ்வளவு அடி பட்டுச்சுன்னு தினமும் யோசிக்கறேன். புரியவே இல்ல."

சரோஜாவின் வாய் வரைக்கும் வந்துவிட்டது. நான்கு துளை, எட்டு அங்குலம், மூன்று மூட்டை. அவ்வளவு சொன்னால் போதும். ஆனால் அவள் சொன்னால் அவனுக்கு விஷயம் மட்டும்தான் தெரியும். பழி போட்ட வாய் அதைத் திரும்ப எடுத்தால்தான் இந்த முதுகு நிமிரும்.

"நான் நம்பறேன்" என்றாள். "அன்னைக்கும் நான்தான் பின்னால இருந்தேன். எனக்குத் தெரியாதா நீ எவ்வளவு வேகத்துல வந்தேன்னு?"

 தருமன் கண்ணைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு கியரைத் தள்ளினான். ஜீப் பாலத்தில் ஏறியது. இறங்கியது. அந்தப் பக்கம் போய், அடுத்த ஊர் வரைக்கும் போய்த் திரும்பி, மறுபடியும் அதே பாலத்தைத் தாண்டினான். இந்தத் தடவை வேகத்தைக் குறைக்கவில்லை.

அவர்கள் வீடு திரும்பும்போது வெயில் இன்னும் மாடிச் சுவரில் இருந்தது. ஆதிமூலம் வாசலில் நின்றிருந்தார். மண்டியிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார் போலிருக்கிறது. மகன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். மகள் பின் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

"சின்னசாமிக்கு ஆள் அனுப்பிட்டேன்" என்றார். "நாளைக்கு எட்டு மணிக்குக் கட்டாயம் வரானாம்."

"வரட்டும்பா" என்றாள் சரோஜா. "நாங்க ஏழு மணிக்குக் கிளம்பிடுவோம்."

"வாக்குக் குடுத்துட்டேன்கறேன்!"

"எனக்கும்தான் அரசாங்கம் வாக்குக் குடுத்திருக்குது. முற்பகலுக்குள்ள வரணும்னு."

தருமன் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினான். அப்பாவின் எதிரில் தலையைக் குனியாமல் நின்று பல நாள் ஆகிறது. இன்றைக்கு நின்றான். ஆதிமூலம் அவனை நேராகப் பார்க்க முடியாமல், காலியாக இருந்த முன் சீட்டைப் பார்த்தார். உயர்த்தி வைத்த புதுக் கால்களில் வெல்டிங் தடம் கருப்பாகத் தெரிந்தது.

"இதுல யாரு உட்காரப்போறது?" என்று கேட்டார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"நீங்கதான்" என்றாள் சரோஜா. "நாளைக்கு என்னைப் பள்ளிக்கூடத்துல விட நீங்க வரீங்க. போக வர முப்பத்தாறு கிலோமீட்டர். அண்ணன்கிட்ட நீங்க சொல்ல வேண்டியதைச் சொல்றதுக்கு அவ்வளவு தூரம் போதும்."

தருமன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எங்கிட்டயா? என்னா சொல்லணும்?"

ஆதிமூலம் முன் சீட்டின் மேல் கை வைத்து, ஆடுகிறதா என்று அழுத்திப் பார்த்தார். உள்ளே போகவில்லை.